விழித்திருத்தலும் விழிக்க வைத்தலும்

சிவராத்திரியன்று நான்கு யாமமும் கண்விழித்திருப்பது சைவர்களுக்கு விரதம். ஏனைய இரவுகளில் நித்திரை வராமல் கிடப்பது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய பிணி. ஒரே விழிப்பு ஓரிடத்தில் புண்ணியமாகவும் இன்னோரிடத்தில் நோயாகவும் எண்ணப்படுவது ஏன் என்ற கேள்விக்குச் சமயமும் மருத்துவமும் தனித்தனியே விடை வைத்திருக்கின்றன. கொழும்பில் வெள்ளவத்தை போன்ற இடத்தில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவே தொடர்மாடிகள் நெருங்கி நிற்கும் அந்த ஊரில் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஒருவருடைய விழிப்பு அடுத்த வீட்டுக்காரரின் நித்திரையைத் தொடாமல் இருப்பது அங்கே கடினம்.

நித்திரையைத் தத்துவப் பொருளாக எடுத்து நுணுகி ஆராய்ந்த மரபுகளில் சைவ சித்தாந்தம் முக்கியமானது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் என்று ஒன்று உண்டு என நிறுவ முற்படும்போது உறங்கும் மனிதனையே சாட்சிக்கு அழைக்கிறது. உறங்குபவனிடம் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்ப துன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. மூச்சே உயிராக இருந்தால் மூச்சு ஓடும்போது இவையும் நிகழ வேண்டும். ஆகவே மூச்சு வேறு, உயிர் வேறு. நான்காம் சூத்திரம் உயிரின் ஐந்து நிலைகளைப் பேசுகிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். வடமொழிப் பெயர்கள் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். நனவில் புருவ நடுவில் நிற்கும் உயிர், கனவில் கழுத்துக்கும் உறக்கத்தில் இதயத்துக்கும் பின்னர் உந்திக்கும் மூலாதாரத்துக்கும் இறங்குகிறது என்பது உரைமரபு. இறங்க இறங்க அதன் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. உறக்கத்தில் எஞ்சுபவை சித்தம், பிராணன், புருடன் மூன்று மட்டும். கடைசி நிலையில் புருடன் ஒன்றே.

இங்கே வேதாந்தத்தோடு ஒரு வேறுபாடு உண்டு. மாண்டூக்கிய உபநிடதம் கனவற்ற உறக்கத்தை ஆனந்த நிலை என்கிறது. எழுந்தவன் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்வதை அதற்குச் சான்றாக வேதாந்திகள் காட்டுவார்கள். சித்தாந்திக்கு அந்த ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதுதான் முக்கியம். கருவிகள் நீங்கிய உயிர் தன்னொளியில் பிரகாசிக்கவில்லை. உயிரை இயல்பாகவே மறைக்கும் ஆணவ மலத்தின் இருளில் மூடுண்டு கிடக்கிறது. உறக்கத்தில் கிடைப்பது துன்பத்தின் இடைநிறுத்தமே தவிர இன்பம் அன்று. சிவராத்திரி விழிப்புக்குச் சைவம் கொடுக்கும் பெறுமதி இதிலிருந்து வருகிறது. இருளுக்கு இயல்பாகக் கட்டுப்படும் உயிர் ஓர் இரவாவது அதற்கு இணங்க மறுப்பதே அந்த விரதத்தின் உட்பொருள்.

ஆனால் அதே சைவம் கடவுளையும் தூங்க வைக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. திருப்பள்ளியெழுச்சியுடன் விடியும் கோயிலின் நாள், அர்த்தசாமப் பூசைக்குப் பிறகு பள்ளியறையில் முடிகிறது. உறங்காத இறைவனுக்குப் பள்ளியறை எதற்கு என்று கேட்டால், வழிபடுபவரின் நாளுக்கு ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது. கோயில் விடிய விடியத் திறந்திருப்பது விதிவிலக்கு. கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் சிவராத்திரிக்குத் திரளும் கூட்டம் மற்ற நாட்களில் இரவு அங்கே தங்குவதில்லை.

மற்றச் சமயங்களிலும் இந்த இருபக்கப் பார்வை இருக்கிறது. யோகம் மிகுதியாக உறங்குபவனுக்கும் இல்லை, மிகுதியாக விழித்திருப்பவனுக்கும் இல்லை என்பது கீதையின் ஆறாம் அத்தியாயக் கருத்து. பௌத்தத்தில் சோம்பலும் தூக்கக் கலக்கமும் தியானத்தின் ஐந்து தடைகளுள் ஒன்று. தியானத்தில் தூங்கி விழுந்த சீடர் மொகல்லானருக்குப் புத்தர் சொன்ன பரிகாரங்கள் அங்குத்தர நிகாயத்தில் வரிசையாக வருகின்றன: தூக்கத்தைத் தூண்டும் எண்ணத்தை விடு, கற்ற தருமத்தைச் சிந்தி, அதை ஓது, காதைப் பிடித்து இழுத்து உடம்பைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார், ஒளியை மனத்தில் கொள், நட. இவை எதனாலும் தூக்கம் போகாவிட்டால் வலப்பக்கமாகப் படுத்து உறங்கு. துறவியிடம் இவ்வளவு கண்டிப்பும் இவ்வளவு இரக்கமும் ஒரே மூச்சில் காட்டப்படுவது அபூர்வம். இஸ்லாத்தின் வைகறை அழைப்பில் தூக்கத்தைவிடத் தொழுகை மேல் என்ற அறிவிப்பு உண்டு. இரவெல்லாம் நின்று வணங்கிய தோழர் ஒருவரிடம், உன் உடலுக்கும் உன் கண்ணுக்கும் உன் மேல் உரிமை உண்டு என்று நபிகள் சொன்னதும் அதே மரபின் செய்திதான்.

உடலின் உரிமை என்ன என்பதை மருத்துவம் எண்களில் சொல்லும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. ஆழ்ந்த உறக்கத்தில் குருதி அமுக்கமும் இதயத் துடிப்பும் இறங்குகின்றன. வளர்ச்சி ஓமோன் பெருமளவு சுரக்கிறது. கனவுறக்கமும் கனவற்ற உறக்கமும் சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக மாறி மாறி வருகின்றன. உயிர் சும்மா கிடக்கிறது என்று சித்தாந்தி சொல்லும் அந்த நேரத்தில் உடம்பு முழுவீச்சில் தன்னைப் பழுதுபார்க்கிறது. 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில், பதினொரு இளைஞர்கள் ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் நீரிழிவின் தொடக்கத்தை ஒத்த அளவுக்குக் குறைந்தது. நித்திரைக் குறைவு ஆண்டுக்கணக்கில் நீடிப்பவர்களிடம் உயர் குருதி அமுக்கமும் இதய நோயும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பாகவே எழுபவர், பலமாகக் குறட்டை விடுபவரானால், உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் திட்டுவதால் பயனில்லை.

ஆண்டில் ஓரிரவு விழிப்பதால் ஆரோக்கியமானவருக்குக் கேடு வராது. அடுத்த இரவுகளில் உடல் ஈடுசெய்துகொள்ளும். கவனிக்க வேண்டியவர்கள் வேறு. இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளி உபவாசத்தையும் விழிப்பையும் சேர்த்து மேற்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கும் ஓரிரவு நித்திரையின்மையே நோயைத் தூண்டப் போதும். கோயிலிலிருந்து விடிகாலையில் வாகனம் ஓட்டி வருவதும் புத்தியான காரியம் அன்று: இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம் மது அருந்தியவரின் கவனத்தைப் போலத் தடுமாறும். இலங்கையில் சிவராத்திரி தினம் பொது விடுமுறை. 2025இல் அது பெப்ரவரி 26, புதன்கிழமை. விழித்து முடித்த மறுநாள் வியாழன், கொழும்பு அலுவலகங்களுக்கு வேலைநாள்.

அன்றாட ஒழுங்கிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்கள் முன்பு தொடங்குகிறது. கொழும்பில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே சூரியன் உதிப்பதால், அது ஏறக்குறைய நாலரை மணி. ஏழு மணி நேர நித்திரையும் வேண்டுமென்றால் இரவு ஒன்பதரைக்குள் கண்ணயர்ந்திருக்க வேண்டும். அகல்விளக்குக் காலத்தில் இது இயல்பாக நடந்தது. காலி வீதிக் கடைகளின் வெளிச்சமும் கைத்தொலைபேசியும் படுக்கை நேரத்தைத் தள்ளிப்போட்ட பிறகு, எழும் நேரத்தை மட்டும் சாத்திரப்படி வைத்துக்கொள்வது பாதி ஒழுங்குதான்.

இதுவரை சொன்னது தானாக விழிப்பவரைப் பற்றியது. பிறரால் எழுப்பப்படுபவரின் நிலை வேறு. தொழிலாளியின் களைப்பும் கைக்குழந்தையின் தூக்கமும் எந்த விரதத்துக்கும் உட்பட்டவை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் வீதி இரைச்சல் 45 டெசிபெலுக்கும் ரயில் இரைச்சல் 44 டெசிபெலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஓசையால் முழுமையாக விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பும் குருதி அமுக்கமும் ஏறுகின்றன. காலையில் அது நினைவில் இராது.

பிறரை எழுப்பும் ஓசைக்கு எல்லை எது என்ற கேள்விக்கு இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் ஒரு விடை சொன்னது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பணித்தது. பள்ளிவாசல் வழக்கில் பிறந்த தீர்ப்பானாலும் கோயில் நாதசுரத்துக்கும் விகாரையில் ஓதப்படும் பிரித்துக்கும் அதுவே நியதி. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில் ஒரு தேவாலயம் தொடர்பாக எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது.

சமயங்களின் உள்நோக்கத்துக்கு இத்தீர்ப்புகள் முரணானவை அல்ல. விழிப்பு விரதமாவது அது விரும்பி ஏற்கப்படுவதால். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்காத விழிப்பில் அவருக்கும் பலன் இல்லை, எழுப்பியவருக்கும் இல்லை. சிறப்பு விழாக்களுக்கு நேர வரம்பில் விலக்கு அளிக்க 2007 தீர்ப்பு இடம் வைத்திருக்கிறது. அதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களின் கருத்தைப் பொலிஸார் கேட்டறிய வேண்டும்.