தம்மையே வெறுமையாக்கியவர்: ஒரு கிரேக்கப் பாடலின் இலக்கணம்

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலில் 2-ஆம் அதிகாரத்தின் 6 முதல் 11 வரையிலான வசனங்களை, தொடக்கத் திருச்சபையின் கிறிஸ்து பாடல் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 1928-இல் எர்ன்ஸ்ட் லோமையர் இதை மும்மூன்று அடிகள் கொண்ட ஆறு சரணங்களாகப் பிரித்துக் காட்டினார். பாடலின் இறையியல் பெரும்பாலும் அதன் எழுவாயிலும் வினைகளிலும் அமைந்திருக்கிறது.

முற்பாதியின் எழுவாய் கிறிஸ்து. வெறுமையாக்குதல், தாழ்த்துதல் என்ற இரண்டு முற்றுவினைகளுக்கும் 'தம்மை' என்பதே செயப்படுபொருள். ஆகவே தாழ்வு அவர்மேல் சுமத்தப்பட்டதன்று, அவரே விரும்பி ஏற்றது. 9-ஆம் வசனத்தில் எழுவாய் மாறுகிறது. உயர்த்துபவரும் பெயர் அருள்பவரும் கடவுள், கிறிஸ்து பெறுபவர். தாழ்வு அவர் செயல், உயர்வு கடவுளின் கொடை.

பாடலின் மையம் 7-ஆம் வசனம். கிரேக்கத்தில் 'வெறுமையாக்கினார்' என்பது முற்றுவினை. அடிமை வடிவை எடுத்தலும் மனிதச் சாயலில் ஆதலும் அதைத் தொடரும் எச்சங்கள். அவர் எப்படி வெறுமையானார் என்பதை அந்த எச்சங்களே விளக்குகின்றன: இறைத்தன்மையைக் களைந்ததால் அல்ல, அடிமை நிலையை மேற்கொண்டதால். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர் தோமாசியுஸ், எல்லாம் வல்ல தன்மை போன்ற பண்புகளை இறைமகன் துறந்தார் என்று வாதிட்டார். ஆனால் எதைத் துறந்தார் என்பதைப் பாடல் சொல்லவில்லை. எதை எடுத்தார் என்பதையே சொல்கிறது.

தமிழில் முற்றுவினை வாக்கிய இறுதியில் வரும். சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் (1995) ஆகிய இரண்டிலும் வெறுமையாக்குதல் வினையெச்சமாகி, மனிதச் சாயலாதல் முற்றாகிறது. அதனால் முதலில் வெறுமை, பிறகு அடிமை வடிவம் என்று இரு படிகள் இருப்பதுபோல் தோன்றுகிறது. 6-ஆம் வசனத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகளும் வேறுபடுகின்றன. இறை வடிவில் 'இருந்து' என்ற கிரேக்க எச்சம், 'இருந்தும்' என்றோ 'இருந்ததாலேயே' என்றோ பொருள்கொள்ள இடம்தருகிறது. பழைய மொழிபெயர்ப்பு உம்மை சேர்த்து முதற்பொருளை எடுத்தது. திருவிவிலியம் பெயரெச்சத்தால் இரண்டுக்கும் வழிவிட்டது. உம்மை இருந்தால் தாழ்மை இறைத்தன்மைக்கு முரணாகத் தெரியும். இல்லையெனில் தாழ்மையே இறைத்தன்மையின் இயல்பு என்றும் கொள்ளலாம்.

மலேசியாவில் போர்ட் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த இருவகைத் தமிழிலும் பாடலைக் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் குருத்து ஞாயிற்றின் இரண்டாம் வாசகம் இதுவே. தமிழில் வாசிப்பவர் வெறுமையாக்குதலையே முதன்மை வினையாகவும் மற்றவற்றை அதன் விளக்கமாகவும் கொள்வதே மூலத்துக்குப் பொருந்தும்.