நான்கு ஆண்கள் அல்லது ஆறு பெண்கள்

4 ஆண்கள் அல்லது 6 பெண்கள் ஒரு வேலையை 12 நாள்களில் முடிப்பார்கள். 2 ஆண்களும் 6 பெண்களும் சேர்ந்தால் எத்தனை நாள் ஆகும்? காலமும் வேலையும் என்ற தலைப்பில் தலைமுறைகளாகப் போட்டுவரும் கணக்குவகை இது. போட்டித் தேர்வுக் கைடுகளில் இன்றும் இருக்கிறது. விடை 8. அதில் தவறில்லை. ஆனால் அங்கே போய்ச்சேர, ஒரு பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை யாரும் நிரூபிப்பதில்லை. ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு மேலே போகிறோம்.

விடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

அஞ்செட்டிப் பக்கம் கணக்கு சொல்லித்தரும் நான், போடுவதற்கு முன் வாசிக்கச் சொல்கிறேன். இந்த வாக்கியம் நம்மை எதை நம்பச் சொல்கிறது என்று மூன்று வரி எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள்: “கேழ்வரகு அறுப்புக்குப் போனால் அப்பாவைவிட அம்மாவுக்குக் கூலி குறைவு. அதனால் கணக்கு சரி.” அந்த வரியை வைத்தே ஒரு பாடவேளை முழுக்கப் பேசினோம். குறைவாக இருப்பது வேலையா, கூலியா? கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அதையே வேலையின் அளவு என்கிறார்கள். சம வேலைக்குச் சம கூலி என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. விடையை மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய ‘லீலாவதி’யில் பல கணக்குகள் ஒரு பெண்ணை விளித்துக் கேட்கப்படுகின்றன. அதைப் பெருமையாகச் சொல்வோம். அதே நூலில், 16 வயது அடிமைப்பெண்ணின் விலையைச் சொல்லி 20 வயதானவளின் விலையைக் கேட்கும் கணக்கும் உண்டு. வயது ஏற ஏற விலை இறங்கும், தலைகீழ் விகிதம். பதினெட்டுக்கு முன்பே பெண்ணுக்குக் கல்யாணம் முடிக்கும் எங்கள் மலைக்கிராமங்களில் இந்தக் கணக்கு இன்னும் நடக்கிறது.

வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளுக்கு எண்தான் பொதுமொழி, வாக்கியம் சுமை என்பார்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் அவரவர் மொழியில் பேசிவிட்டுப் பிறகு தமிழில் எழுதுகிறோம். ஆனால் பள்ளிக்கு வெளியே எண் தனியாக வருவதில்லை. ஓசூர் கம்பெனிச் சம்பளச் சீட்டில் ‘பிடித்தம்’ என்ற சொல்லோடு வருகிறது. கடன் அட்டையில் ‘ஃபிளாட் வட்டி’ என்று வருகிறது. திருப்பிக் கட்டிவிட்ட அசலுக்கும் சேர்த்து வட்டி என்பது அதன் பொருள். நம் பெண்கள் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாமல் அங்கே ஏமாறுவதில்லை.

மூன்று வரி எழுதியதால் யாருடைய கூலியும் உயர்ந்துவிடவில்லை. ஆனால் வகுப்பு அடுத்த கணக்கைத் தானே எழுதியது: ஆணுக்கு நாள்கூலி 600 ரூபாய், பெண்ணுக்கு 400 ரூபாய். 6 பெண்கள் 8 நாள் அதே வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு?

9,600 ரூபாய்.