பித்துற்றார் செய்த கொலையும் அரச தண்டமும்

அண்மையில் மயிலையில் எம்மொடு அளவளாவிய சைவ அன்பர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினர். “கொலை செய்தான் ஒருவனைப் பித்துற்றவன் என்று மருத்துவர் சொல்ல, நீதிமன்றம் அவனைக் குற்றத்தினின்றும் நீக்குகின்றது. பித்தும் அவன் முன்வினைப் பயன்; கொலையும் அவன் கை செய்தது. வினை செய்தான் பயன் நுகர்தல் வேண்டும் என்னும் நம் சித்தாந்தத்திற்கு இது முரணாகாதோ?” என்பது அவர் வினா. கொலையுண்டார் சுற்றத்தாரது கண்ணீரை நினைவார்க்கு இவ்வினா எளிதில் தள்ளற்பாலதன்று. ஆதலின் இதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண், சட்டம் கூறுவது யாதெனத் தெளிதல் வேண்டும். 1843-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மக்நாட்டன் என்பான், அரசியற் கட்சியார் சிலர் தன்னை ஓயாது துன்புறுத்துவதாகப் பொய்யாக நம்பி, முதலமைச்சர் ராபர்ட் பீலின் செயலாளராகிய டிரம்மண்டு என்பாரைச் சுட்டுக் கொன்றான். பித்துடையான் என அவன் விடுவிக்கப்படவே, பிரபுக்கள் சபையார் நீதிபதிகளை வினவி ஒரு விதியைத் தெளிந்துகொண்டனர். அதன் வழி வந்ததே 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்து 84-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு நடைபெறும் பாரதிய நியாய சங்கிதையில் அது 22-ஆம் பிரிவாக நிற்கின்றது. செயல் நிகழ்ந்த பொழுதில், மனநிலை திரிந்தமையால், தான் செய்வது இன்னதென்றாதல், அது தவறு அல்லது சட்டத்திற்கு மாறு என்றாதல் அறியும் ஆற்றல் இலனாயின், அவன் செயல் குற்றமாகாது என்பதே அதன் கருத்து. நோய் உண்டு என்னும் அளவானே ஒருவன் விடுதலை பெறான். யாவரும் தெளிந்த மனத்தினர் என்றே வழக்குத் தொடங்கும். அன்றென நிறுவுதல் குற்றஞ்சாட்டப்பட்டான் கடன். நோக்கற்பாலது செயல் நிகழ்ந்த பொழுதின் மனநிலையே என 1964-இல் தயாபாய் என்பான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளித்தது.

இனி, மருத்துவர் ஆராயும் முறையை நோக்குவாம். நம் சென்னையில் 1794-இல் தோன்றி, 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறி, இன்றும் நிலவும் மனநல மருத்துவமனையை அறியாதார் இலர். இத்தகைய இடங்கட்கு நீதிமன்றம் ஒருவனை அனுப்புங்கால் எழும் வினாக்கள் வெவ்வேறாம். கொலை நிகழ்ந்த பொழுதில் அவன் அறிவு எவ்வாறிருந்தது என்பது ஒன்று. இப்பொழுது தன்மேற் சாட்டிய குற்றத்தை உணர்ந்து, வழக்கறிஞரோடு கலந்து, தனக்காக வழக்காட வல்லனோ என்பது மற்றொன்று. தீர்ப்பின் பின்னர், அவன் மனநிலை தண்டனையைக் குறைத்தற்கு ஏதுவாமோ என்பது பிறிதொன்று. முன்னது கழிந்துபோன ஒரு பொழுதைப் பற்றியதாதலின் மிக அரிது. அதற்கு மருத்துவர் உற்றார் சொல்லையும், பழைய மருத்துவக் குறிப்புக்களையும், செயலுக்கு முன்னும் பின்னும் அவன் ஒழுகிய நெறியையும் ஒருங்கு வைத்து நோக்குவர். படைக்கலத்தை மறைத்தானோ, தப்பி ஓடினானோ என்பனவெல்லாம் ஆராயப்படும். பித்தன்போல் நடிப்பாரும் உளராதலின், பன்னாள் அருகிருந்து நோக்குதலும் வேண்டும். திருநீற்றுக் கோலத்தோடு புத்தகக் கட்டினுட் படை மறைத்துப் புகுந்த முத்தநாதனை அறிந்த நமக்குக் கோலம் வேறு உள்ளம் வேறு என்பது புதிதன்று. முடிவில் மருத்துவர் உரைப்பது கருத்து மட்டுமே, தீர்ப்பு நீதிமன்றத்தின்பாலது.

இனிச் சித்தாந்தத்திற்கு வருவாம். உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று. இயல்பாகிய மலத்தால் அறிவு மறைப்புண்டு, அமைச்சரோடு கூடிய அரசன் போல அவற்றொடு கூடியே அறியும் என்பது சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தாற் பெறப்படும். அமைச்சர் பொய்ச் செய்தி கொணரின் அரசன் யாது செய்வான்? மனமும் புத்தியும் நோயாற் பிறழ்ந்துழி, உடன்பிறந்தான் பகைவனாகத் தோன்றுவன். இல்லாத குரல் செவியிற் கேட்கும். கனவில் ஒருவனை வெட்டினானை நாம் கொலைஞன் என்னாம். நனவிலே கனவொத்த காட்சியுட்பட்டு வெட்டினான் நிலை அதனோடு முற்றும் ஒப்பதன்றாயினும், அதற்கு மிக அணித்தாம். ஆகவே மருத்துவர் ஆராய்வது உயிரின் நன்மை தீமையை அன்று. அவ்வுயிர்க்குக் கருவிகள் அப்பொழுது பணிசெய்தனவோ என்பதையே. இவ் வேறுபாடு நம்மவர்க்கு எளிதின் விளங்கற்பாலது.

அற்றேல், வினைப்பயன் என்னாம் எனின், கூறுதும். வினை சடமாதலின் தானே சென்று பயன் தாராது. முதல்வனே அதனைக் கூட்டுவிப்பன். நீதிமன்றம் ஒருவனைக் குற்றமிலி எனினும் குற்றவாளி எனினும், இறைவன் கணக்கில் ஓர் எழுத்தும் அதனால் அழிவதில்லை. பித்தும் வினைப்பயனாதலின் தண்டித்தலே தகும் என்பாரை யாம் வினவுவேம்: காய்ச்சலும் வினைப்பயனன்றோ? அதற்கு மருந்துண்டல் பிழையோ?

அரச தண்டம் எற்றுக்கென்பதைச் சிவஞான சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்திலே தெளியக் காணலாம். அரசன் ஒறுத்தலும் ஈசன் அருளின் வழிப்பட்டது. ஒறுக்கப்பட்டார் பின்னர் நெறிநின்று தூயராவர் என்பது ஆண்டுப் பெறப்படுவது. தந்தை தாயர் சொற்கேளாப் புதல்வரை அடித்தலும் அன்பே என்று ஆசிரியர் உவமை காட்டுவர். எனவே சொல்லை ஏற்று நடக்கவல்லான் ஒருவனை நோக்கியதே தண்டம் என்பது போதரும். சொல்லை ஏற்கும் கருவியே சிதைந்தானை ஒறுத்தலால் அப்பயன் விளையுமாறு எங்ஙனம்? அதன் அயலிலேயே ஆசிரியர் மருத்துவனையும் உவமையாக்கினர்: சில நோயை அறுத்துத் தீர்ப்பான், சிலவற்றை இனிய பால் கொடுத்துத் தீர்ப்பான், இறைவனும் அவ்வாறே துன்பமும் இன்பமும் ஊட்டி வினையறுப்பன் என்றனர். ஆதலின் நீதிமன்றத்திலே நீதிபதியும் மருத்துவரும் ஒருங்கு நிற்றல் நம் நூற்கு மாறன்று. இருவரும் ஓர் அருளின் இரு கருவிகளே.

இன்னும், விடுதலை என்பது கைவிடுதலன்று. பித்தின் ஏதுவாக ஒருவனை விடுவிக்குங்கால், அச்செயலை அவன் செய்தானோ அன்றோ என்பதைத் தீர்ப்பில் விளங்கக் கூறல் வேண்டும் என்பது சட்டம். செய்தான் எனின், அவன் காவலிலோ, தக்க பிணையின்மேல் உறவினர் பொறுப்பிலோ வைக்கப்படுவான். கொலையுண்டார் சுற்றம், “எம் மகன் கொல்லப்பட்டது பொய்யன்று” என்று நீதிமன்றத்தின் வாயாற் கேட்டல் பெரிதும் வேண்டற்பாலது. செயல் மறைக்கப்படுவதில்லை, பழியே நீக்கப்படுகின்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஆரூரில் ஆன்கன்று தேர்க்காலிற் பட்டது அரசிளங்குமரன் அறியாது நிகழ்ந்ததே. மனுவேந்தன் அவ்வறியாமையைப் பொருட்படுத்திலனே என்பாரும் உளர். அமைச்சர் கழுவாய் கூறியபொழுது அவ்வேந்தன் மறுத்தது, பிறன் மகனுக்கு ஒரு நீதி, தன் மகனுக்கு ஒரு நீதி என்பதை ஒவ்வாமையால். எனவே அச்செய்தி நமக்குக் கற்பிப்பது நடுவுநிலைமையையே. அதனை இவ் வழக்குகளில் வைத்துக் காண்க. செல்வன் ஒருவன் குற்றஞ்சாட்டப்படின், சிறந்த மருத்துவரும் பழைய மருத்துவக் குறிப்புக்களும் அவன்பால் உள. தெருவோரத்து ஏழைக்கு யாருளர்?

1968-இல் அக்காலத்துப் பம்பாயில் நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கிய எளியாரை இரும்புக் கோலால் அடித்துக் கொன்ற ராமன் ராகவ் என்பானை நினைக. போலீசுச் சர்ஜன் அவனை நோயிலி என்றனர். எதிர்த்தரப்பு மருத்துவர் நெடுநாட் பித்துடையான் என்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் மேல்முறையீடு செய்யவும் இசைந்திலன். உயர் நீதிமன்றம் மனநோய் மருத்துவர் மூவர் கொண்ட குழுவை அமைத்து ஆராய்வித்தது. 1987-இல் தண்டனை ஆயுட்காவலாயிற்று. 1995-இல் அவன் இறந்தான். அவனால் இறந்தாரும் ஏழையர், அவனும் ஏழை என்பது நெஞ்சை வருத்துவது. மரண தண்டனைக்குரிய வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டானது மனநிலை ஆராய்ச்சியை அரசே முன்னர்த் தேடிக் கொணர்தல் வேண்டும் என 2022-இல் மனோஜ் என்பான் வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அது தண்டனை அளவு பற்றியதாயினும், மனுவேந்தன் நெறிக்கு இயைந்ததே. அது தாளில் நில்லாது ஒவ்வொரு செஷன்ஸ் கோர்ட்டிலும் நடைபெறுதல் வேண்டும்.

ஆகவே, அன்பர்க்கு யாம் கூறும் விடை இது: ஒரு பொழுதின் மனநிலையை இயன்ற மட்டும் ஆராய்ந்து தீர்த்தல் மன்றத்தின் கடன், பல பிறவியின் கணக்கு முதல்வன்பாலது. ஒன்றை மற்றொன்றாக மயங்குதலே பிழை. நோயுற்றானை மருத்துவத்திற்கும், துணையிழந்த குடும்பத்தை நம் உதவிக்கும் உரியராகக் கொள்வதே அடியார்க்குத் தகுவது. ஆரூரர் “பித்தன்” என்னும் சொல்லால் எம்பெருமானையே விளித்தனர். அச்சொல்லை இகழ்ச்சியாக ஒருவன்மேல் எறியுமுன் சைவராயினார் ஒருகணம் தாழ்த்து நிற்பாராக.