என் பை யார் முதுகில்?



முதல்முறையா நாலைந்து நாள் மலைநடைக்குத் தயாராகிறேன். உத்தராகண்டில் கேதார்காந்தா. உச்சி சுமார் 12,500 அடி. அங்கே காசு கொடுத்தா நம்ம பையை ஒரு சுமைக்காரரோ கோவேறு கழுதையோ சுமந்து வரும். கூலிதான் கொடுக்கிறோமே, இதில் என்ன தப்பு?

தப்பில்லை. அது அவங்க பிழைப்பு. உடம்பு முடியாதவங்க கொடுக்கத்தான் வேணும். ஆனா பைக்குள்ள என்ன வைக்கிறோம்?

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம்னு மலையேறுறவங்க சொல்வாங்க. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. கம்பளி உடை, மழைக்கோட்டு, மருந்து, 2 லிட்டர் தண்ணீர் (அதுவே 2 கிலோ) எல்லாம் தேவை. நனைஞ்சா காயாத ஜீன்ஸ், போட்டோவுக்குன்னு நாலு சட்டை, இரண்டாவது பவர்பேங்க் எல்லாம் ஆசையும் பயமும். நானே தூக்கணும்னா இவை தானா குறையும். இன்னொருத்தர் தூக்குவார்னா கூடிக்கிட்டே போகும். அப்போ என் ஆசையின் கனம் அவர் முதுகில்.

இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியா சுமந்து வந்தது தனக்காக இல்லை, குரு அகத்தியருக்காக. பிறர் சுமையைச் சுமந்தவனுக்குப் பழனி மலைப்படியிலேயே சந்நிதி கொடுத்தான் நம்ம முருகன். இடும்பனைக் கும்பிட்டுத்தானே மேலே ஏறுறோம்? அந்த மரியாதை எந்த மலையில் சுமக்கிறவருக்கும் உண்டு.

அதனால என் முடிவு இது. பையைக் கட்டினதும் அதை முதுகில் மாட்டி நானே பத்து முறை மாடிப்படி ஏறி இறங்குவேன். எனக்குக் கனக்கிற வீண்பொருளைக் கூலி கொடுத்தும் அடுத்தவர் முதுகில் ஏத்த மாட்டேன். தேவையானதை ஒருத்தர் சுமந்தா, அவர் பேரைக் கேட்டு, 'அண்ணா'ன்னு கூப்பிட்டு, அவர் சாப்பிட்டாரான்னு பார்த்துட்டுத்தான் நான் சாப்பிடுவேன்.

நீங்க கிளம்பும்போதும் பையை ஒருமுறை தூக்கிப் பாருங்க.

முருகா சரணம்!