விட்டுப்போன பாதைகள்

மலையில் வாழ்கிறவர்களுக்கு முழங்கால் தேய்ந்த சேதி முதலில் இறக்கத்தில்தான் வரும். குன்னூரில் பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் தந்தி மாரியம்மன் கோயிலும் கீழே இருக்கின்றன. பெட்ஃபோர்டும் சிம்ஸ் பூங்காவும் மேலே. நடுவில் படிகள், குறுக்குப்பாதைகள், மழையில் வழுக்கும் சிமெண்டுச் சரிவுகள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறிவிடலாம். இறங்கும்போது நின்றாலும் வலிக்கும். "ஏத்தம் மூச்சை வாங்கும், எறக்கம் முட்டியை வாங்கும்" என்று அம்மா சொல்வார்.

அம்மா சொன்னதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பெர்லினில் ஆய்வாளர்கள் ஐந்து பேருக்கு உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டை வைத்து, அவர்கள் நடக்கும்போதும் படியேறி இறங்கும்போதும் உள்ளே எவ்வளவு பாரம் விழுகிறது என்று பதிவு செய்து 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடந்தால் உடல் எடையைப்போலச் சுமார் 2.6 மடங்கு. படியேறினால் 3.2 மடங்கு. இறங்கினால் 3.5 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் படியிறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அவளுடைய முழங்கால் இருநூறு கிலோவைத் தாங்குகிறது. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு இறங்குகிறவளுக்கு அந்தக் கணக்கு இன்னும் கூடும். முப்பது வருடம் அப்படி இறங்கியவர்களின் ஊர் இது.

என் அம்மா அவர்களில் ஒருவர். மஸ்கெலியாவில் பிறந்து, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு, சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர். 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பிறகு டான்டீ ஆனது, அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே பிறந்தது. அம்மா வேறொரு தோட்டத்தில் பேர் பதிந்து, ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே கால்கள் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்துவிட்டன. லைன் வீட்டில் யாரும் அதை ஒரு நோயாகப் பார்க்கவில்லை. அவர் வயதில் எல்லாப் பெண்களின் கால்களும் அப்படித்தானே இருந்தன.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை எப்போது யோசிக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானோர் எக்ஸ்ரேயைத்தான் காட்டுவார்கள். தேய்மானத்தைக் கிரேடு கிரேடாகப் பிரிக்கும் முறையை 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். "உங்களுக்கு நாலாவது கிரேடு" என்ற ஒரு வாக்கியம் போதும், வீடே ஆடிப்போகும். ஆனால் படத்தில் எலும்போடு எலும்பு உரசுகிறவர் வலியில்லாமல் சந்தைக்குப் போய்வருவதும், படத்தில் இடைவெளி நன்றாகத் தெரிகிறவர் ராத்திரியெல்லாம் புரள்வதும் மருத்துவர்கள் தினமும் காண்பதுதான். எலும்பு எப்படி இருக்கிறது என்று படம் சொல்லும். அந்த எலும்பை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று அது சொல்லாது.

வலியையும் நான் முழுதாக நம்பமாட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் "பரவால்ல" என்பார்கள். அட்டைக்கடிக்கும் அதே பதில்தான், பனிக்கும் அதே பதில்தான். பொறுத்துக்கொள்வதை ஒரு திறமையாகக் கற்றுக்கொண்டவர்களிடம் வலிக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதில் என்ன கிடைத்துவிடப்போகிறது?

கோயம்புத்தூரில் அம்மாவைப் பார்த்த மருத்துவர் வேறு விதமாகக் கேட்டார். எக்ஸ்ரேயை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வலியப் பத்தி அப்புறம் பேசலாம்மா. எங்கெங்க போறத நிறுத்திட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். மார்க்கெட்டுக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கித் தருகிறது. வீட்டுக்குக் கீழே இரண்டாவது தட்டில் போட்டிருந்த பீன்ஸ் செடிகளைப் பிடுங்கியாகிவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்குத் தேர் பார்க்கப் போவதில்லை, மேலே ரோட்டில் நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்பது. தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் மாடியில் என்பதால் போகவில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை, ராத்திரி கக்கூஸுக்கு எழுந்தால் உட்கார்ந்து எழ முடியாது. கடைசியாகச் சொன்னதை நான் அதுவரை கேட்டதே இல்லை. "இதெல்லாம் ஒண்ணும் பெருசில்ல சார்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது இது: முழங்கால் தேயத் தேய, மனிதர் ஒவ்வொரு பாதையாக விட்டுக்கொண்டே வருகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருப்பதால் எதுவும் இழப்பாகத் தெரிவதில்லை. சமவெளியில் இருப்பவர் தெருவைச் சுற்றிவந்தே ரொம்ப நாள் சமாளிப்பார். மலையில் வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றமோ இறக்கமோதான். அதனால் இங்கே வட்டம் வேகமாகச் சுருங்கும். யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டதா என்று அறிய விட்டுப்போன பாதைகளை எண்ணிப் பார்ப்பதுதான் என் கணிப்பில் சரியான வழி. நடக்க விரும்பும் இடத்துக்கு நடக்க முடியவில்லை, ஓய்வெடுக்கும்போதும் ராத்திரியிலும் வலி விடவில்லை, மாத்திரை இல்லாமல் நாள் நகரவில்லை, இவை சேர்ந்து வந்துவிட்டால் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

மாத்திரையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு தினமும் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அது இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆபரேஷனுக்குப் பயந்து மாத்திரையில் வருடங்களை ஓட்டுகிறவர்கள், கடைசியில் ஆபரேஷனைத் தாங்கமுடியாத உடம்போடு வந்து நிற்பதுண்டு.

அதற்காக வலித்ததும் கத்தியிடம் ஓடச் சொல்லவில்லை. டென்மார்க்கில் நூறு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு மூட்டு மாற்றும் உடற்பயிற்சியும். இன்னொரு பிரிவுக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து, செருப்புக்குள் வைக்கும் அட்டை ஆகியவை மட்டும். ஒரு வருட முடிவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் ரத்தக்கட்டு, மூட்டு விறைப்பு போன்ற தீவிரச் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். மற்றப் பிரிவில் நான்கில் மூன்று பேர் அந்த வருடம் முழுவதும் அறுவையே இல்லாமல் ஓட்டினார்கள். பயிற்சி என்பது அவ்வளவு பலமான மருந்து. "நான் நடக்காத நடையா?" என்று அம்மா கேட்டார். நடை வேறு, தொடையின் முன்தசையைக் குறிவைத்துப் பலப்படுத்துவது வேறு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பதை ஒழுங்காக மூன்று மாதம் செய்து பார்க்காமல் ஒருவரும் தேதி குறிக்கக்கூடாது. அம்மாவும் செய்தார். பலம் வந்தது, ஆனால் வளைந்த கால் நிமிரவில்லை, ராத்திரி வலி போகவில்லை.

செயற்கை மூட்டின் ஆயுளும் கணக்கில் வரும். 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றங்களில் நூற்றுக்குச் சுமார் 82 இருபத்தைந்து வருடம் தாங்குகின்றன. எழுபதுக்கு மேல் செய்துகொள்கிறவருக்கு மறுபடி அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகிறது. ஆக வயது குறைந்தவர் பொறுப்பதில் நியாயம் உண்டு. அறுபதைக் கடந்து, வட்டம் சுருங்கி, தொடை மெலிந்துகொண்டே போகிறவர் பொறுப்பதில் நியாயமில்லை. அறுவைக்கு முன் எவ்வளவு நடமாட்டத்தோடு இருந்தாரோ, அதை ஒட்டித்தான் அறுவைக்குப் பிந்தைய நடமாட்டமும் அமையும். செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சம்மணமிட்டு உட்காரவும் குந்தவும் நினைத்துச் செய்துகொண்டவர்கள் அவர்களில் இருக்கத்தான் செய்வார்கள்.

2000இல் பிரதமர் வாஜ்பாய் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்காலை மாற்றிக்கொண்டபோது, இது பெரியவர்களின் வைத்தியம் என்றுதான் ஊர் நினைத்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுக் கருவிகளுக்கு உச்சவிலை வைத்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுவந்த கோபால்ட் குரோமியம் மூட்டை 54,720 ரூபாய்க்கு இறக்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த அறுவையும் அடக்கம், அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். காசு இன்னும் தடைதான், ஆனால் முன்பிருந்த மதில் இல்லை.

எங்களுக்குப் பெரிய தடை வீடாக இருந்தது. ரோட்டிலிருந்து வாசலுக்கு நாற்பது படி, கைப்பிடி கிடையாது, கக்கூஸ் குந்தும் வகை. ஆபரேஷன் முடிந்தவரை அங்கே எப்படிக் கூட்டிப்போவது? மலையில் இந்த முடிவை எடுக்கும் குடும்பம் மருத்துவமனையைத் தேடும் முன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டோம், மேற்கத்தியக் கோப்பை வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படியெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும் என்பதால் தை பிறக்கட்டும் என்று காத்திருந்தோம். அம்மாவின் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும் அந்த இடைவெளி உதவியது. வலது முழங்காலில் அறுவை முடிந்ததும், முதல் ஆறு வாரம் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தரைத்தளத்தில் இருந்தார். முட்டியை மடக்கவைக்கும் பயிற்சியில் அழுதார். கொழுந்து மூட்டைக்கு அழாதவர் அழுததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஆனால் அந்த வாரங்களில் விட்டுக்கொடுத்தால் மூட்டு விறைத்துவிடும் என்று சித்தி ஒருநாளும் விடவில்லை. பிறகு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடி ஏறி வீட்டுக்கு வந்தார்.

பெண்களின் முழங்காலுக்கு இந்த ஊரில் யார் தேதி குறிக்கிறார்கள் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேத்திக்குப் பரீட்சை முடியட்டும், மகனுக்கு லீவு கிடைக்கட்டும், மருமகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்று எல்லாருடைய காலண்டரும் முன்னால் நிற்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கே இந்தத் தேய்மானம் அதிகம் என்று மருத்துவம் சொல்கிறது, வீடோ "வயசாச்சுல்ல" என்கிறது. அந்த ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் கடைசி இருபது வருடத்தை அடைத்துவிடுகிறோம். தோட்டத்து மருத்துவமனைகளில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து தருகிறார்கள். ஐம்பது வயதுப் பெண்ணை வரிசையில் நிறுத்தி, படியிறங்க முடிகிறதா என்று கேட்கவும், தொடைப் பயிற்சி சொல்லித்தரவும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை வந்தாலே, எத்தனையோ பேருக்குக் கத்தி தேவைப்படாமலே போகும்.

இப்போது அம்மா தடியூன்றி மார்க்கெட்டுக்கு இறங்குகிறார். இறங்கும்போது புதுக்கால் முதலில், பழைய கால் பின்னால் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். போன முறை பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் இடது முழங்காலின் படத்தையும் எடுத்துப் பார்த்தார். வலதில் இருந்த அதே தேய்மானம், அதே நாலாவது கிரேடு. "இதையும் பாத்துரலாமாம்மா?" என்றார்.

"எறங்குறேன் சார், ஏறுறேன். ராத்திரி தூங்குறேன். மாத்திர போடறதில்ல. தேருக்கும் போயிட்டு வந்துட்டேன். இப்ப எதுக்கு?" என்று அம்மா கேட்டார்.

மருத்துவர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, தொடைப் பயிற்சியை விடக்கூடாது, ஆறு மாதம் கழித்து வந்து எங்கெல்லாம் போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்.