விரத நாளில் மருந்து

ஐப்பசியில் கந்த சஷ்டி நெருங்கும்போது நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுகின்ற வினா ஒன்று உண்டு. ஆறு நாளும் உபவாசம் இருப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்ட நோயாளி ஒருவர், வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் உட்கொண்டால் விரதத்துக்குப் பங்கம் நேருமா, நேராதா என்பதே அது. சர்க்கரை வியாதிக்காரரையும் இரத்தக் கொதிப்புக்காரரையும் பற்றி இவ்வினா எழும்போது வீட்டார் பெரும்பாலும் விவேகத்தோடு விடை கூறிவிடுகின்றனர். அந்நோய்களின் அபாயம் ஊரறிந்தது. ஆனால் தண்டுவடத்தில் அடிபட்டோ பக்கவாதம் கண்டோ, கைகால்களின் தசைகள் ஓயாது இறுகி இழுக்கின்ற உபாதையோடு வாழும் ஒருவர், தசையைத் தளர்த்தும் மாத்திரையை ஆறு நாளைக்கு நிறுத்திவைக்கிறேன் என்று சொன்னால், வலியைத்தானே பொறுத்துக்கொள்ளப் போகிறார், முருகன் பார்த்துக்கொள்வான் என்று சுற்றத்தார் சம்மதித்துவிடுகின்றனர். அந்தச் சம்மதத்தில் பக்தி நிறைந்திருக்கிறது; ஆயினும் ஓர் உயிரைப் பறிக்கக்கூடிய அறியாமையும் அதனுள்ளே கலந்திருக்கிறது. ஆகையால் இதைச் சமய நூல்களின் வழியிலும் மருத்துவத்தின் வழியிலும் ஒருங்கே வைத்து ஆராய வேண்டியிருக்கிறது.

அவ்வுபாதை இன்னதென்று அருகிருந்து பார்த்தவர்களே அறிவர். என் பெரியப்பா முறையுள்ள ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே சுயமாக அசைக்கும் சக்தியை இழந்தவர். அசைவற்ற கால்கள் ஓய்ந்து கிடக்கும் என்று நினைப்போம், கிடப்பதில்லை. இரவில் போர்வையின் விளிம்பு பாதத்தில் பட்டாலே போதும். பெருவிரல் நிமிரும், கெண்டைக்கால் கல்லாக இறுகும், முழங்கால் வெடுக்கென்று மடங்கிக் கட்டிலின் சட்டத்தில் மோதும். பெரியம்மா எழுந்து வந்து, ஒரு கையை முழங்கால் மீதும் மற்றொன்றைக் குதிகாலின் கீழும் வைத்து, மெல்ல மெல்ல நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். 'விடு, அதுவாகவே விடும்' என்பார் பெரியப்பா. அது விட்ட பிறகு, இருவரும் விடியும்வரை உறங்குவதில்லை. பகலில் எவ்வளவு திடசித்தமுள்ள மனிதரானாலும், தம் சரீரத்தின் ஒரு பகுதி தம் ஆணைக்கு அடங்காமலும், தம்மைக் கேளாமலும் இயங்குவதைக் காணும்போது அவருக்கு நேர்கின்ற மனக்கிலேசம் சொல்லில் அடங்குவதன்று.

இதன் காரணத்தை இன்றைய நரம்பியல் தெளிவாகக் கூறுகிறது. தசையை இயக்குமாறு கட்டளையிடுவது மட்டும் மூளையின் தொழிலன்று. தண்டுவடத்தில் இயல்பாக எழுகின்ற அனிச்சைச் செயல்களை அளவுக்கு மிஞ்சாமல் அடக்கிவைப்பதும் அதன் தொழிலே. மூளையிலிருந்து இறங்குகின்ற பாதை அறுபட்டாலோ சிதைந்தாலோ அந்த அடக்கம் போய்விடுகிறது. தண்டுவடம் சிறு தூண்டுதலுக்கும் பெருங்கிளர்ச்சி கொள்கிறது. இவ்விடத்தில் உதவுவது பாக்லோஃபென் என்னும் மருந்து. சுவிட்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1962ஆம் ஆண்டு, காக்கை வலிப்புக்கு மருந்தாகுமென்ற எண்ணத்தில் இது உருவாக்கப்பட்டது. வலிப்புக்கு அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தசை இறுக்கத்துக்கோ நற்பயன் தந்தது. நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிப்பதற்கென்று உடலே சுரந்துகொள்ளும் காபா என்னும் பொருளைப் போன்ற உருவம் கொண்டு, தண்டுவடத்தில் அப்பொருளின் பணியை இது செய்கிறது. இழந்துபோன நிதானத்தை வெளியிலிருந்து சிறிது கொண்டுவந்து சேர்க்கிறது என்று இதனைக் கூறலாம்.

இரவல் வாங்கிய அந்த நிதானத்துக்கு உடல் பழகிவிடுகிறது. அதுவே இங்கு கவனிக்கவேண்டிய உண்மை. வைத்தியர் இதனைப் பெரும்பாலும் 5 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை என்று தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உயர்த்தி, நோயாளிக்குப் போதுமான அளவில் நிறுத்துவார்; வழக்கமான உச்சவரம்பு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம். படிப்படியாக ஏறிய அம்மருந்தைப் படிப்படியாகவே இறக்கவேண்டும். திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்னிலும் பன்மடங்காகத் திரும்பிவருவதோடு, இல்லாத உருவங்கள் தோன்றுதல், சித்தப் பிரமை, வலிப்பு, கடுஞ்சுரம் ஆகியவை ஒன்றிரண்டு நாள்களுக்குள்ளேயே நேரக்கூடும். உயிருக்கே ஆபத்து விளைவதும் உண்டு. ஆறு நாள் மாத்திரையை நிறுத்துகிறேன் என்பவர் வலியைப் பொறுக்கும் விரதத்தையா மேற்கொள்கிறார்? மூன்றாம் நாள் அவருக்குச் சித்தமே கலங்கிவிட்டால், முருகனை நினைப்பதற்குரிய மனம் அவரிடம் எங்கே இருக்கும்? இறைவனை இடையறாது நினைப்பதற்காகவே உண்டியைச் சுருக்குகிறோம்; நினைக்கின்ற கருவியையே சிதைத்துக்கொள்வது அந்நோக்கத்துக்கு நேர் விரோதமானது.

சாத்திரம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்போருக்கு, கொடுக்கிறது என்றே விடை. மகாபாரதத்து உத்தியோக பருவத்தில், திருதராட்டிரனுக்கு விதுரர் கூறும் நீதிகளினிடையே, விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் எட்டு என்று எண்ணிச் சொல்லப்படுகின்றன. நீரும், கிழங்கும், கனியும், பாலும், அவியும், அந்தணர் விருப்பமும், குருவின் சொல்லும் ஆகிய ஏழோடு எட்டாவதாக அங்கே நிற்பது ஔஷதம். குருவின் வாக்குக்கு நிகராக மருந்தை வைத்த அப்பெரியோர், நோயாளியின் மனத்தில் எழக்கூடிய குற்ற உணர்ச்சியை முன்கூட்டியே அறிந்து நீக்கியிருக்கின்றனர் என்று எனக்குத் தோன்றுகிறது. இஸ்லாத்திலும் ரமலான் நோன்பில் பிணியாளருக்கு விலக்கு உண்டு. அவர் பின்னொரு நாளில் நோன்பைப் பூர்த்தி செய்துகொள்ளலாம் என்பது திருக்குர்ஆனிலேயே உள்ள அனுமதி. சமயங்கள் கொடுத்த இந்தக் கருணையை வேண்டாமென்று தள்ளிவிட்டு, கொடுக்காத கடுமையை நாமே கற்பித்துக்கொள்வது வைராக்கியத்தின் பெயரால் நடக்கும் தவறு.

இதைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. அதுதான் வினை. முன் செய்த வினையின் பயனாக வந்த நோயை அனுபவித்தே தீர்க்கவேண்டும்; மருந்தால் தணித்துக்கொண்டால் அக்கடன் மறுபிறவிக்குத் தள்ளப்படும் என்று மெய்யாகவே நம்பி, மாத்திரைப் பட்டையைத் தலையணையின் கீழே ஒளித்துவைக்கும் முதியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய நம்பிக்கையை நான் இகழமாட்டேன். துன்பத்துக்கு ஒரு பொருள் உண்டென்று கொள்ளாமல் நெடுங்காலம் துன்புற்று வாழ்வது அரிது. ஆனால் வினையை யாவரினும் நன்கறிந்த திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் என்ன செய்தார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். இன்று திருச்செங்கோடு என்று வழங்கும் கொடிமாடச் செங்குன்றூரில் தம்முடன் வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றியபோது அவர் பாடியருளியது திருநீலகண்டப் பதிகம். இந்நோய் அவ்வினையின் பயன் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், பிழைக்கும் வழியை நாடாமல் வாளா இருப்பது உங்களுக்குக் குறையாகாதா என்னும் கருத்தையே அப்பதிகத்தின் வாயிலில் அவர் வைத்திருக்கிறார். அங்கே அவர் காட்டிய வழி இறைவன் திருவடியேயன்றி மருந்து அன்று என்பது உண்மைதான். ஆயினும் வினையைக் காரணம் காட்டிக் கைகட்டி இருப்பதைச் சைவத்தின் தலையாய ஆசாரியர் ஊனம் என்று கருதினார் என்பது மறுக்க முடியாதது. பிராரப்தத்தால் நோய் வந்ததாயின், அதே பிராரப்தத்தால்தான் நல்ல வைத்தியரும் வாய்த்தார். ஒன்றை இறைவன் செயலாகவும் மற்றொன்றை அவன் செயலுக்கு இடையூறாகவும் கொள்வதற்கு நியாயம் ஏது? தேகம் நானல்ல என்று உபதேசித்த ரமண மகரிஷியும், இடக்கையில் தோன்றிய கட்டிக்காக 1949ஆம் ஆண்டு வைத்தியர்கள் செய்த சத்திர சிகிச்சைகளுக்கு உடன்பட்டிருந்தார். கையையே எடுத்துவிடவேண்டுமென்றபோது மட்டும் இணங்கவில்லை. சிகிச்சையை ஏற்பதும் ஓர் எல்லையில் மறுப்பதும் ஞானிக்கே உரியவையாயின், சாமானியருக்கு மறுப்பு மட்டும் எப்படிச் சிறந்ததாகும்?

மருந்தை மறுப்பவர் ஒரு பக்கம் இருக்க, மிகையாக உட்கொள்பவர் மற்றொரு பக்கம் நிற்கிறார். இவரைப் பற்றி நம் உபந்நியாசகர்கள் பேசுவதில்லை. மிகினும் குறையினும் நோய் என்னும் பொருளைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவையும் செயலையும் குறித்து உரைத்ததாகக் கொள்வர். அது மருந்துக்கும் பொருந்துமென்பதற்குத் தசை தளர்த்தும் மருந்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பக்கவாதம் கண்ட ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றால், பல சமயங்களில் அவரைத் தாங்கி நிற்பது தொடைத் தசையின் அந்த இறுக்கமே. இறுக்கம் முழுதும் நீங்கவேண்டுமென்ற ஆசையால் அளவை ஏற்றினால் கால் துவண்டு, நேற்றுவரை நின்றவர் இன்று விழுகிறார். எந்தத் துன்பத்தை நாம் வேரோடு களைய விரும்புகிறோமோ, அத்துன்பத்தின் ஒரு பகுதி நம்மைத் தாங்கிக்கொண்டும் இருக்கிறது என்னும் இவ்வுண்மையை நான் வேதாந்தப் புத்தகத்தில் கற்கவில்லை. நடைப்பயிற்சி கற்பிக்கும் பிசியோதெரபி அறையில், இரண்டு இணைக்கம்பிகளுக்கிடையே நடுங்கிக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்துக் கற்றேன். எவ்வளவு தளரவேண்டும், எவ்வளவு இறுக்கம் எஞ்சவேண்டும் என்பதை வைத்தியரும் நோயாளியும் கூடியிருந்துதான் கண்டறிய முடியும்.

இறுக்கம் திடீரென்று மிகுவதற்கும் அர்த்தம் உண்டு. கீழே உணர்ச்சியற்றவருக்கு மூத்திரப் பையில் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், நகம் சதைக்குள் வளர்தல் ஆகியவற்றின் வலி தெரியாது. பல சமயங்களில் இசிவு மிகுவதே அவற்றின் அறிவிப்பு. அப்போது தாமாகவே ஒரு மாத்திரையைக் கூட்டிக்கொள்பவர், வாயிலில் வந்து அழைக்கும் தூதனின் வாயைப் பொத்துகிறார். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரண்டாக விழுங்குவதும் இத்தகைய பிழையே. மது, தூக்க மாத்திரை, அபினி வகை வலி மருந்துகள் இவற்றோடு பாக்லோஃபென் சேர்ந்தால் உறக்கம் மீறி மூச்சே தணிந்துவிடக்கூடும். மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுற்றவருக்குச் சிறிய அளவும் தேங்கி மயக்கத்தில் ஆழ்த்தும். ஆதலால் வைத்தியரிடம் ஒன்றையும் மறைக்கலாகாது. குடியை மறைப்பதும், வேறொரு வைத்தியரின் மருந்தை மறைப்பதும், நாட்டு மருந்துக் கஷாயத்தை மறைப்பதும் நாணத்தாலும் மரியாதையாலும் நேர்கின்றன. ஆனால் வாய்மை என்னும் தர்மம் எங்கேனும் உடனுக்குடன் பலன் தருமாயின் அது வைத்தியர் முன்னிலையில்தான்.

முருகனுக்கு உகந்த செங்காந்தளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முதுகுவலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் நம் மருந்துக் கடைகளில் வலி மாத்திரையோடு கலந்து வழங்கப்படும் தயோகோல்சிகோசைடு என்ற தசை தளர்த்தும் மருந்து, இக்காந்தளின் விதையிலுள்ள சத்திலிருந்து ஆக்கப்படுவது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் பந்தலிட்டு வளர்க்கும் கொடி அது. பூசைக்குரிய மலரானாலும் அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. 2013ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து முகமை இம்மருந்தை ஆராய்ந்து, உடலில் இது மாறுங்கால் தோன்றும் ஒரு பொருள் உயிரணுக்களின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பிறழச் செய்யக்கூடுமென்பதால், வாய்வழியே 7 நாளுக்கு மேல் கொடுக்கலாகாது என்றும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆகாது என்றும் வரையறுத்தது. நாள்பட்ட இசிவுக்கு உரியதே அன்று இது. அப்படியிருக்க, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவோரை நான் பார்க்கிறேன். செடியிலிருந்து வந்ததென்றால் தீங்கில்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர். நம் சித்த வைத்தியர்களோ இதே கலப்பைக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் பத்தியம் விதிக்கின்றனர். அளவும் காலமும் கட்டுப்பாடும் சேர்ந்ததே மருந்து என்பது அவர்களுக்குப் பண்டே வந்த ஞானம்.

ஆகவே சஷ்டிக்கு விரதம் இருக்க விரும்பும், பாக்லோஃபென் உட்கொள்ளும் நோயாளி, புரட்டாசியிலேயே தம் வைத்தியரிடம் சென்று தம் விருப்பத்தைச் சொல்லவேண்டும். பாலும் பழமும் கொள்ளும் உபவாசமானால், மூன்று வேளை மாத்திரையையும் அப்பாலோடு அதே நேரங்களில் உட்கொள்ளலாமா என்று கேட்கவேண்டும். வெறும் வயிற்றில் குமட்டல் தரும் மருந்து அது, பாலோடு உட்கொள்வது நல்லதே. நீரும் அருந்தாத கடும் உபவாசத்தை அவர் மேற்கொள்ளலாகாது. வைத்தியர் உபவாசமே வேண்டாமென்றால், ஒரு வேளை உணவோடு மௌனமோ, நாள்தோறும் கந்தபுராண பாராயணமோ, ஏழைக்கு அன்னமோ சங்கல்பமாகட்டும். மாத்திரை தீர்ந்துபோகாமல் ஆறு நாளுக்கும் போதுமான அளவு முன்பே வாங்கிவைக்கவேண்டும். பண்டிகை நாளில் கடை அடைத்திருக்கக்கூடும். சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போகிறவரானால், மருந்தைப் பெட்டியில் போடாமல் மடிப்பையில் வைத்துக்கொண்டு, அதன் பெயரையும் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடன்வருபவரிடம் கொடுத்துவிடவேண்டும்.