கை நிற்க வேண்டிய இடம்

மனிதனின் கை சும்மா இருக்க அறியாது. மண்ணைக் கண்டால் வனைய விரும்பும். கல்லைக் கண்டால் உளியைத் தேடும். அக்கையே நாகரிகத்தைப் படைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கை செயற்பட வேண்டிய இடம் எது, அடங்கி நிற்க வேண்டிய இடம் எது எனப் பகுத்துணர்வதும் நாகரிகத்தின் பாற்பட்டதல்லவா? இவ்வினாவுக்கு ஜப்பானியக் கலையொன்று தரும் விடை நம் சிந்தனைக்குரியது.

போன்சாய் எனப்படும் தொட்டி மரங்களை நம்மில் பலர் அறிவர். நூறாண்டு கண்ட பைன் மரம் ஆழமற்ற தொட்டியில் இரண்டு முழ உயரத்தில் நிற்கும். அம்மரங்களைக் காட்சிக்கு வைக்கும்போது, சில வேளைகளில் அருகே ஒரு கல்லையும் வைப்பர். அதற்குச் ‘சூய்செக்கி’ என்று பெயர். ‘நீர்’, ‘கல்’ என்னும் இரு சொற்களின் கூட்டு அது. ஆற்றிலோ மலையிலோ கண்டெடுத்த சிறு கல்தான். எனினும், பார்ப்பவர் கண்ணுக்கு அது தொலைவில் தெரியும் மலைத்தொடராகும். கடல் நடுவே தனித்த தீவாகும். கருங்கல்லில் வெண்ணிறக் கோடொன்று இறங்கினால் அதுவே அருவியாகும். கல்லின் அடிக்குப் பொருந்தக் குடைந்த மர இருக்கையிலோ, மணல் பரப்பிய தட்டிலோ அதை அமர்த்துவர். வழிபடுவதற்காக அன்று, பார்த்து மகிழ்வதற்காக.

மரத்துக்குரிய விதி வேறு. கல்லுக்குரிய விதி வேறு. மரத்தின் கிளையைக் கம்பி சுற்றி வளைப்பர், தளிரைக் கிள்ளுவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரைக் கத்தரித்து மண் மாற்றுவர். கவனியாது விட்டால் அது பட்டுப்போகும். கல்லின் மேலோ உளி படலாகாது. வெயிலும் மழையும் படும்படி வெளியில் வைத்து, நீர் தெளித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். அப்பொறுமையின் பயனாக அதன் மேனியில் முதிர்ந்த நிறமொன்று மெல்லப் படியும். இதனைக் ‘கல்லை வளர்த்தல்’ என்றே அவர்கள் கூறுவர்.

இங்கேதான் அறச்சிக்கல் எழுகின்றது. 1960களில் ஜப்பானில் கல் சேகரிக்கும் ஆர்வம் பெருகியது. நல்ல கல்லோ அரிது. மலைபோல் அமைந்த கல்லின் அடிப்பக்கம் கோணலாயிருந்தால், அதை அறுத்துச் சமப்படுத்துவோர் உண்டு; அறுத்த இடம் மர இருக்கைக்குள் மறைந்துவிடும். மேற்புறத்தையே அரைத்து மெருகிட்டு, இயற்கைக் கல்லென விற்போரும் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபோது தீங்கென்ன என்று சிலர் கேட்கக் கூடும்.

அழகு மட்டுமே வேண்டுமெனில் சிற்பியிடம் செல்லலாமே! அவர் செதுக்கும் மலை இதனினும் எழிலாக அமையும். இக்கல்லைக் காண்பவர் வியப்பது, மனிதர் எவரும் வடிக்காமல் நீரும் காலமும் தேய்த்துத் தந்த உருவம் இது என்னும் உண்மையை. அவ்வுண்மை போனபின் வியப்பும் போய்விடுகிறது. ஆகவே, அறுப்பதைவிட மறைப்பதே பெருங்குற்றம். ‘அடியை அறுத்தேன்’ என்று சொல்லி வைப்பவர் கைவினைஞர். சொல்லாது வைப்பவரோ, ஆற்றின் கையெழுத்தைத் தாமே போட்டவராகிறார்.

அப்படியாயின் கண்டெடுத்தவருக்குப் பங்கே இல்லையா? உண்டு. நகோயா நகரின் தொகுகாவா கலைக்கூடத்தில் ‘கனவின் மிதவைப் பாலம்’ என்னும் புகழ்பெற்ற கல் உள்ளது. முரசாகி ஷிகிபு என்னும் பெண்மணி இயற்றிய ‘கென்ஜியின் கதை’யின் இறுதி அத்தியாயப் பெயரை அதற்குச் சூட்டியுள்ளனர். 14ஆம் நூற்றாண்டில் தலைநகரை விட்டு வெளியேற நேர்ந்த கோ-தைகோ பேரரசர், அக்கல்லைத் தம்முடன் எடுத்துச் சென்றார் என்பது வழிவழி வந்த செய்தி. ஒருவர் அதைக் கண்டார், ஒருவர் பெயரிட்டார், பலர் பேணினர், பழுதின்றி அடுத்தவரிடம் ஒப்படைத்தனர். அவர்களுடைய பங்கு அவ்வளவே. அது சிறிய பங்கும் அன்று. அமானிதம் என்று நாம் சொல்வதும் இத்தகைய பொறுப்பைத்தானே?

மரமும் கல்லும் அருகருகே இருப்பதன் பொருள் இப்போது விளங்கும். ஒன்று உழைப்பைக் கேட்கிறது. மற்றொன்று அடக்கத்தைக் கேட்கிறது. நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடத்தும் இவ்விரண்டும் உள்ளன. பழக்கமும் பேச்சும் ஒழுக்கமும் நாள்தோறும் கை படவேண்டிய கிளைகள். உடன்பிறந்த இயல்பும் நாட்டமுமோ உளி படலாகாத கல். முன்னதைப் பேணாது விடும் பெற்றோர் கடமை தவறுகின்றனர். பின்னதைச் செதுக்க முனைவோர், தமக்குத் தரப்பட்டதைத் தாம் செய்ததென எண்ணிவிடுகின்றனர். எது கிளை, எது கல் என்று அறிய, ஓங்கிய கையைச் சற்றே நிறுத்திப் பார்க்கும் பொறுமை வேண்டும்.